கல்யாணம் முடியட்டும் என்றவளுக்கு

சமையலறை அலமாரியைத் திறந்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிறது. மகன் கல்யாணத்துக்குச் சுட்ட அதிரசத்தையும் முறுக்கையும் உனக்கென்று ஒரு பையில் எடுத்து வைத்தேன், அதுதான். நீ இல்லை என்று தெரிந்த பிறகும் அதைத் தூக்கிப் போடக் கை வரவில்லை. அடிக்கட்டும். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லையடி.

இந்தக் கல்யாணமே உன்னால் வந்ததுதானே. நாற்பதை நெருங்கிய பிள்ளைக்குப் பெண் கிடைக்காமல் நான் கோயில் கோயிலாக அலைந்தபோது, பாடாங் செராய்ப் பள்ளியில் உன்னிடம் படித்த பெண்ணைச் சொன்னாய். முன்பு அவளுக்கு நிச்சயமான வாரத்திலேயே அவள் அப்பா மாரடைப்பில் போய்விட, ராசியில்லாதவள் என்று மாப்பிள்ளை வீட்டார் கைகழுவிவிட்டார்கள். அம்மாவோடு கோலா கெடாவுக்குப் போய் ஒதுங்கியிருந்தாள். கதையைக் கேட்டதும் நானும் கொஞ்சம் இழுத்தேன். "ஏன்டி, காலம் பூரா புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவதானே நீ? ராசியாம் ராசி!" என்று போனில் ஒரு பிடி பிடித்தாய். மறுபேச்சில்லாமல் சம்மதித்தேன்.

பயிற்சிக் கல்லூரியிலேயே நீ அப்படித்தான். விடுதிச் சோற்றில் புழு கிடந்தபோது நாங்கள் எல்லாரும் முணுமுணுத்தோம். நீ தட்டோடு போய் வார்டன் மேசையில் வைத்தாய். பிறகு சுங்கை லாலாங் தோட்டப் பள்ளியில் இருவருக்கும் ஒன்றாக வேலை. ஒரே சைக்கிள். வழியில் சண்டை வந்தால் என்னை ரப்பர் மரங்களுக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போய்விடுவாய். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து, "ஏறு சனியனே" என்பாய்.

ஓய்வு பெற்ற பிறகு நம் வகுப்புக்காரர்களை எல்லாம் வாட்சாப் குழுவில் சேர்த்தவளும் நீதான். முதலில் பேரப்பிள்ளைகள் படம் வந்தது. அப்புறம் முட்டி வலி, சர்க்கரை, டயாலிசிஸ். அப்புறம் மாலை போட்ட படங்கள். "நம்ம குரூப்பத் தொறந்தாலே டெட்டால் வாடை அடிக்குதுடி" என்று சிரிப்பாய். கடைசியாகக் கோலா கெடாவில் கூடினோமே, மீன் விற்ற மலாய்க்கார மக்சிக்கிடம் "குராங் லா சிக்கிட்" என்று விலை குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றாய். படியேறியபோது உனக்கு மூச்சு வாங்கியது. "வெயிலுதான்லா" என்றாய். நானும் நம்பினேன், மடச்சி.

எங்கள் வீட்டில் பந்தக்கால் ஊன்றினோம். ஊன்றிவிட்டால் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, உனக்குத் தெரியாததா? மறுநாள் நீ போய்விட்டாய். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கல்யாண மண்டபத்தில் நம் கூட்டம் ஒரே வேனில் வந்து இறங்கியது. நீ மட்டும் இல்லை. "அவ எங்க?" என்று நம் சரோஜாவைப் பிடித்துக் கேட்டேன். "கால் வீங்கிப் போச்சுலா. அடி எடுத்து வைக்க முடியல" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு வந்ததே கோபம்! பட்டுப் புடவையோடு அங்கேயே நின்று உனக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "பொண்ணு பாத்துக் குடுத்தவளுக்கு, தாலி கட்டுறதப் பாக்க வரத் தெரியல. கால் வீக்கமாம்! இனிமே என் வாசப்படிய மிதிக்காதே." சரோஜா போனைப் பிடுங்கப் பார்த்தாள். உனக்குப் பரிந்து வருகிறாள் என்று அவளையும் ஏசினேன்.

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில், நம் மணியம் உன் கருமாதி நேரத்தைக் குழுவில் போட்டான். என்னை விட்டுவிட்டு வேறொரு குழு தொடங்கியிருக்கிறார்கள். கிழவன் கண் தெரியாமல் பழையதில் போட்டுவிட்டான். உடனே அழித்தான். அதற்குள் நான் படித்துவிட்டேன்.

சரோஜாவைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரியில எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. 'கல்யாணம் முடியட்டும். தெரிஞ்சா அவ எல்லாத்தயும் தள்ளிப் போட்டுட்டு ஓடியாந்துடுவா. அப்புறம் சொந்தக்காரங்க அந்தப் புள்ளயத்தான் வாய்ல போட்டு மெல்லுவாங்க. தலைத் தீபாவளி வரைக்கும் அதுக்கும் சொல்லாதீங்க'ன்னா."

கருமாதிக்கு வந்தேன். உன் மகன் தேத்தண்ணீர் கொடுத்தான். "உங்க வாய்ஸ் கேட்டேன், ஆண்டி" என்றான். உன் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அது வந்ததாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நீ செய்தது சரி. நான் ஓடிவந்துதான் இருப்பேன். அந்தப் பெண்ணைக் குதறியும் இருப்பார்கள். ஆனால் உன் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க விடாமல் செய்ய உனக்கு எப்படியடி மனசு வந்தது? உன் முன்னால் கத்தி அழுதிருந்தால் ஆறியிருக்கும். இப்போது குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுகிறேன். என் பிள்ளைக்கும் சம்பந்திக்கும் நீ போனது தெரியும், மருமகளிடம் வாய் திறப்பதில்லை.

நேற்று மருமகள் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "டீச்சருக்குக் கால் எப்படி இருக்கு அத்தை? ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வருவோமா?"

"வீக்கம் வடிஞ்சிக்கிட்டு வருதாம்மா" என்றேன். "தீபாவளி முடியட்டும், போலாம்."