புகை இல்லாத சாயப்பட்டறை

பெரிய காஞ்சிபுரம்,
18-8-1974.

அன்புள்ள உங்களுக்கு,

பட்டம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்சவேணியும் சௌக்கியம். நீங்கள் ஆஸ்பத்திரியில் வேளைக்கு மருந்து சாப்பிட்டு, இருமல் குறைந்து இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் மகள் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் முதல் மார்க்கு. கணக்கில் மட்டும் உங்களைக் கொண்டிருக்கிறாள்.

இனி புகையில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பட்டறையை அண்ணனிடம் கொடுத்துவிடு, நான் மதராஸிலேயே ஏதாவது கடையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் அண்ணன் தணிகாசலம் மறுநாளே வந்து சாவி கேட்டார். நீங்களே நேரில் வந்து சொன்னால்தான் தருவேன் என்று அனுப்பிவிட்டேன். டாக்டர் புகை கூடாது என்றார். பட்டறை கூடாது என்று சொன்னாரா?

உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். தென்னேரியில் தேவகி அக்கா வீட்டில் சாண எரிவாயுக் குழி போட்டிருக்கிறார்கள். போன தடவை போனபோது, புகையே இல்லாமல் நீலமாக எரிகிற அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. அந்தக் குழி போட்டுத் தருகிற கதர் வாரியத்தாரைக் கேட்டு, நம் கொல்லையிலும் குழி வெட்டி, வாயு சேர அதன்மேல் இரும்புத் தொட்டியைக் கவிழ்த்தாயிற்று. நம் எருமைகள் இரண்டும், பக்கத்துத் தெரு அப்பாதுரையின் வண்டி மாடுகளும் சாணம் தருகின்றன. வாயு பிரிந்த சாணக் கரைசல் உரமாக அவருடைய வயலுக்கே திரும்பப் போகிறது.

முதல் நாள் மானம் போயிற்று. நம் வேலையாள் வீராசாமி பழைய வழக்கப்படி விடிந்ததும் அடுப்பை மூட்டிவிட்டு, பட்டு நூல் கழிகளைப் பிரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினான். கொப்பரைக்கு மூடியும் இல்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாயு தீர்ந்துவிட்டது. விறகு இருந்தவரை நாமும் அப்படித்தானே செய்தோம்? வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கூரையைச் சூடேற்றினோம். ஒவ்வொரு சாயத்துக்கும் சுடுதண்ணீரைச் சாக்கடையில் கொட்டினோம். இப்போது கழிகளெல்லாம் நனைந்து தயாரான பிறகுதான் தீ. கொப்பரைக்குச் செம்பு மூடி. முதலில் மஞ்சள், பிறகு அரக்கு, கடைசியில் கறுப்பு; வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போவதால் ஒரே தண்ணீர் மூன்றுக்கும் ஆகிறது. ஒரு நாள் வாயு ஒரு நாள் வேலைக்குச் சரியாக இருக்கிறது.

ஆனால் வேறு வம்பு வந்து சேர்ந்தது. நம் தெருவில் புகையைப் பார்த்துத்தானே பட்டறையை எடைபோடுவார்கள்? போன செவ்வாய்க்கிழமை, ஜவுளிக்கடைக் கண்ணாயிரம் ஆவணிக் கல்யாணப் புடவைகளுக்கான பட்டோடு வந்தவர், நம் கூரையில் புகை இல்லாததைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். உங்கள் அண்ணன் வேறு, பட்டறையை மூடியாயிற்று என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பட்டு கைநழுவிப் போயிருந்தால், பட்டறை நடக்கிறது என்று நான் என்ன சொல்லியும் பயன் இருந்திருக்காது. கையெல்லாம் சாயத்தோடு தெருமுனைவரை ஓடி அவரை மறித்தேன்.

"இன்னாமா, பொகையே காணோம், மூடிக்கினீங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றார். "புகையிலயா சாயம் ஏத்துறோம்? உள்ள வந்து பாருங்க" என்று இழுக்காத குறையாக அழைத்து வந்து, கொப்பரை மூடியைத் திறந்து காட்டினேன். அரக்கு நிறக் கழியை வெளிச்சத்தில் பிடித்து மூன்று தரம் திருப்பினார். பிறகு பட்டு மூட்டையை இறக்கச் சொன்னார். முழுவதும் சாயம் ஏற்றி நேற்றுக் கொடுத்தாயிற்று. நிறம் சரியில்லை என்று ஒரு கழிகூடத் திரும்பவில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சாயத்துக்கு முன் பசை போக, பச்சைப் பட்டு நூலைச் சவுக்காரம் போட்டு வேகவைக்க இந்த வாயு போதாது. வாரத்தில் ஒரு நாள் கொல்லைக் கடைசியில் விறகு எரியத்தான் செய்யும். அன்றைக்கு நீங்கள் ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுவிட்டு, ஓரிக்கைவரை காலாற நடந்து, பொழுது சாய்ந்து வந்தால் போதும். மற்ற ஆறு நாளும் கொப்பரை அருகில் நின்று நிறம் சொல்ல ஆள் வேண்டும். வீராசாமிக்கு அரக்கு நிறத்துக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை டாக்டரிடம் படித்துக் காட்டுங்கள். எப்போது அனுப்புவார் என்று கேளுங்கள். காமாட்சி அம்மன் துணையிருப்பாள்.

இனி எழுதுவதை அவரிடம் காட்ட வேண்டாம். தெருவெல்லாம் என்னைக் கெட்டிக்காரி என்கிறது. ராத்திரியில் உங்கள் இருமல் கேட்காத வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது. வந்துவிடுங்கள்.

தங்கள்,
பட்டம்மாள்.