உம்மா போன விமானத்தின் உயரம்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூட்டு வலி குறைந்ததா? வாப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நலம். இங்கே என் பொங்கோல் வீட்டில் உங்கள் தைல வாசனை இன்னும் போகவில்லை.

போன வாரம் நீங்கள் ஊர் திரும்பிய மாலை விமானத்துக்குப் பாதையும் உயரமும் குறித்தது நான்தான். எங்கள் விமான நிறுவனத்தில் இப்போது ஒரு சோதனை நடக்கிறது. குளிர்ந்த ஈரக் காற்றில் பறந்தால் விமானத்தின் பின்னால் வெள்ளைக் கோடு விழும். அது காற்றோடு நகர்ந்து, பரந்து, மெல்லிய மேகமாகி, பூமியின் சூட்டை இரவெல்லாம் வெளியேற விடாமல் பிடித்துவைக்கும். கொஞ்சம் தாழப் பறந்தால் கோடு விழாது. ஆனால் அன்று தாழ்ந்த உயரத்தில் குலுக்கல் இருப்பதாகத் தகவல் வந்தது. ஆபத்தில்லை, பயமாக இருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்து மேசை நிரஞ்சனா, "உங்கம்மா இருக்காங்கல்ல, மேலயே விட்டுடு லா. யாரு கேக்கப்போறா?" என்றாள்.

மற்றவர்களின் உம்மாக்களை அதே குலுக்கலுக்குள் அனுப்புகிறவள்தானே நான்? தாழ்ந்த உயரத்தையே போட்டேன். நீங்கள் இறங்கும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறங்கியதும் போனில், "எந்தப் பாவி இப்படி ஆட்டிவச்சான்? கலிமா சொல்லிக்கிட்டே வந்தேன்" என்று நீங்கள் திட்டியபோது நான் பேச்சை உங்கள் மூட்டு வலிக்கு மாற்றினேன்.

வட்டிலப்பம் செய்முறையை எழுதி அனுப்ப வேண்டாம், குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள். நீளமாகப் பேசுங்கள். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

அந்தப் பாவி,
ஹனீன்