தொட்டியின் மேல் எழுதிய தேர்வு

அன்புள்ள அப்பா,

தங்கச்சி தண்ணீர்த்தொட்டி ஏணியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லியிருப்பாள். நம் ஊரில் அந்தத் தொட்டியின் மேல்தான் சிக்னல் கிடைக்கிறது. நான் அங்கே உட்கார்ந்து ஆன்லைன் தேர்வு எழுதினேன். வெயிலுக்கு அவள் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். "கை வலிக்குதுக்கா, இறங்கட்டுமா?" என்றாள். "போ, பேசாத" என்றேன்.

அவள் விழுந்த சத்தம் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கேட்டது, அப்பா. இன்னும் ஐந்து கேள்விகள் இருந்தன. பாதியில் விட்டால் ஸ்காலர்ஷிப் போய்விடும். முடித்து அனுப்பிவிட்டுத்தான் இறங்கினேன்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இனி நடப்பது சந்தேகம்தான் என்கிறார் டாக்டர். நேற்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாஸாயிட்டியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சத்தம் கேட்டும் நான் இறங்காததை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மூத்த மகள்