ஜெஸ்ஸியிடம் சொன்ன சங்கதி

கேளம்பாக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு பிரதீபாவின் வணக்கம். நான் நலம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? போனில் பேசினால் கோபப்பட்டுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

முட்டுக்காட்டில் சந்திரம்மா என்பவரின் கணவர் படகு கவிழ்ந்து இறந்துபோனார். எங்கள் தொண்டு நிறுவனத்திலிருந்து நான்தான் போய்வருகிறேன். உதவித்தொகை, மகள் படிப்பு என்று எல்லாம் எடுத்துச் சொல்வேன். அந்த அம்மா இறால் உரித்துக்கொண்டே தலையாட்டும், வாய் திறக்காது. போன வாரம் என் அறைத்தோழி ஜெஸ்ஸியும் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் இறால் உரித்தாள். "அண்ணனுக்கு இறால் பிடிக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மா உடைந்து அழுதது.

"வர்றவங்க எல்லாரும் ஆதாரு எங்கன்னுதான் கேட்டுகினு கீறாங்க. அவரப் பத்தி இன்னிக்குத்தாம்மா ஒருத்தி கேக்குறா."

எனக்கு வயிறு எரிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜெஸ்ஸியோடு பேசவே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று நான் குளிக்கும்போது நீங்கள் கூப்பிட, அவள் எடுத்திருக்கிறாள். அம்மா இறந்ததிலிருந்து ராத்திரியில் தனியாகச் சோறு இறங்கவில்லை என்று அவளிடம் சொன்னீர்களாம். என்னிடம் தினமும் "சாப்பிட்டேம்மா" என்பீர்களே, அப்பா.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். அவளுக்கும் சேர்த்து வேண்டாம்.

ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. இது கிடைத்த அன்று ராத்திரி, தட்டில் சோறு போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். நானும் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். டாக்டரைப் பாருங்கள் என்று ஆரம்பிக்க மாட்டேன். ஜெஸ்ஸியை வெளியே அனுப்பிவிடுகிறேன்.

பிரதீபா