மானாம்பதிக் கத்திரியும் என் இடது கன்னமும்

அக்கா,

போன மாதம் செங்கல்பட்டில் என் கன்னத்துத் தழும்பை வெட்டித் தைத்துவிட்டார்கள். தையல் பிரித்தாயிற்று. இப்போது அதன்மேல் சிலிகான் பட்டை ஒட்டி, வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். கோடு மங்க ஒரு வருடம் ஆகுமாம், முழுதாகப் போகாதாம். குளிக்கும் முன் பட்டையை உரித்தால் ஒரு ரப்பர் வாடை. அது மூக்கில் ஏறும்போதெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஸ்டவ் வெடித்துச் சுருங்கிய அந்தக் கன்னம் எனக்கு வியாபாரத்தில் உதவியது. தோட்டம் தோட்டமாகக் காய் வாங்கப் போகையில், விலை பேச ஆரம்பித்ததும் இடது பக்கத்தைக் காட்டுவேன். எதிரில் இருப்பவர் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். பேரம் சட்டென்று முடியும். வெட்கப்படாமல் செய்தேன். பிழைக்க வேண்டியிருந்தது.

மானாம்பதியில் உன் கத்திரித் தோட்டத்திலும் அதையே செய்தேன். நீ பார்வையைத் தாழ்த்தவில்லை. என் தாடையைப் பிடித்துத் திருப்பினாய்.

"இன்னாடி, அந்தாண்டயே காட்டிக்கினு கீற? சொத்தைய அடியில வெச்சி விக்கிறவ நானு, என்கிட்டயே வித்தையா? நேரா பாத்து வெலைய சொல்லு."

சிரித்துவிட்டேன். சிரித்ததில் கன்னம் இழுத்து வலித்தது.

அதைப் பார்த்ததிலிருந்து ஆபரேஷன், ஆபரேஷன் என்று நச்சரித்தாய். "போடி, நான் கூட வந்து குந்திக்கினு இருக்கேன்." நான்தான் கத்திரி முடியட்டும், வெண்டை முடியட்டும் என்று தள்ளினேன். காய் காத்திருக்காது, நீ காத்திருப்பாய் என்று நினைத்தேன். தை மாதம் வந்த காய்ச்சல் எட்டே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. இத்தனை வருட வியாபாரத்தில் நான் இப்படித் தப்பாக மதிப்புப் போட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டாள், "கூட யாரும்மா?"

"வருவாங்க" என்றேன். மறுபடி அவள் கேட்கவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று முக்காடு போட்டுக்கொண்டு உன் தோட்டத்துக்குப் போனேன். உன் மருமகள் காயைக் கொட்டினாள். பழக்கதோஷம், முகம் தானாகத் திரும்பியது. அவள் உற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது, அத்தே. வெலைய சொல்லுங்க."

உன் குரலே கேட்டதுபோல் இருந்தது. முகத்தை நேராக்கிக்கொண்டு சொன்னேன். கண்ணீர் பட்டைக்குள் இறங்கிவிடாமல் துடைக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் நமக்குள் பேரம் படிந்தது அப்படியே நினைவிருக்கிறது, அக்கா: கிலோ எட்டரை ரூபாய், எடை உன் தராசில், பேசும்போது முகம் நேராக.