பதினொரு பேர்

அம்மாவுக்கு, உங்கள் மகன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? நான் நலம். நீங்கள் போனில் கேட்டுக் கவலைப்பட்டீர்களே, அந்த இருமல் நின்றுவிட்டது.

அது நின்றது ஒரு கூத்து. அறைச் சுவர் ஊறிப் பூஞ்சை பிடித்தும் வீட்டுக்காரர் அசையவில்லை. யாரிடமும் சொல்லாமல் மாநகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டேன். எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தது. ஆள் அதிகமென்றால் சீக்கிரம் வருவார்கள் என்று நினைத்து, பதினொன்று என்று உள்ளதையே எழுதினேன்.

சீக்கிரம்தான் வந்தார்கள். ஆய்வாளர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கட்டில்களை எண்ணினார். சுவரைச் சரிசெய்ய வீட்டுக்காரருக்குப் பத்து நாள் கெடு. அந்த அறைக்கு நான்கு பேர்தான் சட்டமாம். கடைசியாகக் குடிவந்த ஏழு பேரும் இரண்டே நாளில் காலி செய்தார்கள்.

மேல்கட்டில் தையல்காரர் மூட்டை கட்டிக்கொண்டே, "எந்தப் புண்ணியவான் போட்டுக் குடுத்தானோ, நல்லா இருக்கட்டும்" என்றார். "ஆமாண்ணே" என்று நானும் தலையாட்டினேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "சுவர் காயுற வரைக்கும் குளிரும் தம்பி. உனக்கு இருமல் வேற" என்று தன் கம்பளியை என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது சுவர் பளிச்சென்று இருக்கிறது. அறையில் பேச்சுச் சத்தம்தான் இல்லை.

கெட்டியான கம்பளி ஒன்று அனுப்புங்கள் அம்மா. இரண்டு வாரமாக அவரைத் தேடுகிறேன். கிடைத்தால் அவருடையதைக் கொடுத்துவிடுவேன். மற்றதைச் சொல்ல வாய் வருமா தெரியவில்லை.

வேலைக்கு நேரமாகிறது. கம்பளியை மறந்துவிடாதீர்கள். அவருடையதை நான் இன்னும் போர்த்திக்கொள்ளவில்லை.

உங்கள் மகன்