பிரித்தெழுதுக: வார்த்தைப்பாடு

என் உயிரில் பாதியான சவேரிக்கு,

சகலருக்கும் ஆழ்ந்த துயருடன் அறியத்தருவது: வகுப்பில் நாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்த கடைசி வாங்கின் ஆடுகால் நேற்றுக் காலை காலமானது. உன் பக்கம் பாரம் இல்லாததால் எல்லாம் என் பக்கம் சரிந்துவிட்டது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும். கால் காலமானதற்கு நீ சிரிப்பாய் என்று திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த செய்தி. சரித்திரப் பரீட்சையில் நான்தான் முதலாவது. கேள்வி, 'கத்தோலிக்கச் சீர்திருத்தத்தில் துறவற சபைகளின் பங்கு யாது?' மூன்று பக்கம் எழுதினேன். கூடியிருந்து கட்டளை எழுதியவர்கள் ஆயர்கள். அதை ஊர் ஊராய்ச் சுமந்தவர்கள் துறவிகள். பள்ளிக்கூடம் திறந்தார்கள், நோயாளிகளின் புண் கழுவினார்கள். பழைய சபைகளில் சிலர் சொகுசு போதும் என்று செருப்பையும் கழற்றினார்கள். நமக்குச் சரித்திரம் படிப்பிக்கும் குருவான நம் சுவாமியின் சபையார் கடவுளுக்குக் கொடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளுக்கு மேல் நாலாவதும் கொடுத்தார்கள்: பாப்பரசர் எங்கே அனுப்பினாலும் போவோம்.

சுவாமி என் விடையை வகுப்பில் வாசித்தார். எந்தப் புனிதரின் பெயரை உனக்கு வைத்தார்களோ, அவரின் கதையில் நிறுத்திவிட்டார். இந்தியாவுக்குப் போகவிருந்தவர் காய்ச்சலில் படுக்க, இவர் பழைய கால்சட்டையைத் தைத்துக்கொண்டு அடுத்த நாளே புறப்பட்ட கதை. சுவாமி கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது.

குடாவைக் கடந்து மூதூர்ப் பூசைக்குச் சுவாமியோடு உதவிக்குப் போக வேண்டியவன் நான். எனக்குக் காய்ச்சல் என்று நீ போனாய். என் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "உனக்குக் காய்ச்சல், எனக்குக் கப்பலடா" என்றாய். குடாவில் வள்ளம் கவிழ்ந்தது. சுவாமியைக் கிண்ணியா மீனவர்கள் கரைசேர்த்தார்கள். உன்னை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

லிங்கநகரில் உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறார். "கடவுள் காய்ச்சலைத் தந்து உன்னைக் காப்பாத்தினவர், மகன். நீயாவது இருக்கிறாய். சாப்பிடு." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறேன். செபம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் யாரும் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. உனக்காவது தெரிகிறதா?

பிரித்தெழுதுகவில் நான் புலி அல்லவா? வார்த்தைப்பாட்டைப் பிரித்துப் பார்த்தேன். 'நான் போறன் சுவாமி' என்று நெஞ்சை நிமிர்த்திக் கொடுத்த வார்த்தை என்னுடையது. பாடு உன்னுடையது.

சவேரி, அந்தக் காய்ச்சல் வெங்காயம். கமக்கட்டுக்கு ஒன்றாய் இரண்டு, கைகளுக்கு அடியில் இடுக்கி உடம்பைச் சுடவைத்தேன். கடலுக்கு அஞ்சாத சிங்கம் என்று சொல்லித் திரிந்தவனுக்கு வள்ளத்தைக் கண்டாலே பயம். நீந்தவும் ஏலாது. அன்றைக்கு நீ ஜன்னலடியில் மூக்கை உறிஞ்சி, "என்னடா, உன்ர அறை சமைக்கிற குசினி மாதிரி மணக்குது" என்று சிரித்தாயே. தெரிந்துதான் போனாயா?

இந்தக் கடிதம் பள்ளிக்கூடச் சஞ்சிகைக்குப் போகிறது. அதற்கு முன், நாளைக்கு உன் அம்மா சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடுவதற்குள் இதை நானே சொல்லிவிடுவேன். இந்தமுறை எனக்குப் பதிலாக ஆள் அனுப்பமாட்டேன்.

உன் வாங்குச் சகோதரன்,
தாசன்